அம்மாவின் பாட்டும் நாநா கடை டெலிபோனும்

நம் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். டிவியில் பந்தாட்டம் முடியப்போகிற நேரத்தில், கோட்டுக்கு வெளியே நிற்கிற ஆள் ஒரு பலகையைத் தூக்கிக் காட்டுவாரே, இன்னும் நான்கு நிமிடம், இன்னும் ஆறு நிமிடம் என்று, அப்போது உங்களால் நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடிகிறதா? என்னால் முடியாது. எழுந்துவிடுவேன். அடுப்பை அணைத்தேனா என்று சமையலறைக்குப் போய்ப் பார்ப்பேன். வாசல் கேட்டைப் பூட்டினோமா என்று பார்ப்பேன். திரும்ப அடுப்பைப் போய்ப் பார்ப்பேன். "உட்காரு லா, தலை சுத்துது" என்பார் என் வீட்டுக்காரர். யார் ஜெயித்தால் எனக்கென்ன? ஆடுகிறவர்கள் யார் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்தப் பலகை மேலே போனால் நானும் எழுந்துவிடுவேன்.

இப்போது பந்தாட்டத்துக்குத் தனிச் சேனல், தமிழுக்குத் தனிச் சேனல். ஒன்றின் காலை ஒன்று மிதிப்பதில்லை. அந்தக் காலத்தில் பந்தாட்டம் நீண்டுபோனதால் தமிழ் நிகழ்ச்சி போய்விட்டது என்று என் மகனிடம் ஒருநாள் சொன்னேன். "அதனால என்னம்மா, அப்புறம் பார்க்க வேண்டியதுதானே" என்றான். அப்புறமாம்! அவனுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருந்த சேனலை மலாய், சீனம், ஆங்கிலம், தமிழ் என்று நான்கு மொழிகளும் பங்குபோட்டுக்கொண்ட காலம். நமக்கு விழுந்த பங்கு கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் பந்தாட்டக் கிண்ணப் போட்டி வந்து உட்கார்ந்தால் எழுந்து போகச் சொல்ல ஆள் கிடையாது. திரையில் வந்தால் வந்தது, போனால் போனதுதான்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். பஃபலோ ரோட்டில் ஒரு மளிகைக் கடைக்கு நான்கு கடை தள்ளி, மாடியில் ஓர் அறையில் குடியிருந்தோம். அந்த மளிகைக் கடை நாநாவுடையது. நாகூர்ப் பக்கத்திலிருந்து அவருடைய வாப்பா காலத்திலேயே கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்து ஊன்றிக்கொண்ட குடும்பம். பெரியவர், சின்னவர், இந்து, கிறிஸ்துவர் எல்லாருக்கும் அவர் நாநாதான், அவர்கள் பேச்சில் அண்ணன்; அவர் மனைவி லாத்தாதான், அக்கா. தெருவில் டிவி இருந்த வீடு அவர்களுடையது. நான்கு காலும், முன்பக்கம் மடக்குக் கதவும், அந்தக் கதவுக்கு ஒரு குட்டிச் சாவியும் உள்ள டிவி. இப்போது அதைக் காட்டினால் பிள்ளைகள் பீரோ என்பார்கள்.

மற்ற நாட்களில் அது மாடியில் இருக்கும். பந்தாட்டம் உள்ள சனிக்கிழமை மட்டும் கீழே இறங்கும். தூக்குகிறவர்கள் நான்கு பேர், "மெல்ல, மெல்ல!" என்று கத்துவதற்கு நாநா. அரிசி மூட்டைகளின் மேல் பலகை போட்டு அதை வைப்பார்கள். ஆண்கள் கடை வாசலிலும் நடைபாதையிலும் நிற்பார்கள். பெண்களுக்கு உள்ளே வெங்காய மூட்டைகள். லாத்தா மாடியிலிருந்து இறால் வைத்த வடையை, அவர்கள் வாயில் அது வாடா, பொரித்துப் பொரித்து அனுப்புவாள். கோல் விழுந்தால் எல்லாரும் குதிப்பார்கள், காய்ந்த மிளகாய் மூட்டையிலிருந்து தூசி கிளம்பும், மொத்தக் கடையும் தும்மும். நம் அணி கோல் போட்டதா என்பதை திரை தெரியாமல் பின்னால் நிற்கிறவர்கள் தும்மலை வைத்தே தெரிந்துகொள்வார்கள்.

கல்லாவுக்குப் பக்கத்தில் கருப்பு டெலிபோன். சுழற்றுகிற வட்டத்தில் ஒரு சின்னப் பூட்டு தொங்கும், ஓசியில் யாரும் பேசிவிடக் கூடாது என்று. ஆனால் வருகிற போனுக்குப் பூட்டுப் போட முடியாதே! ஆட்டம் நடக்கிற நேரத்தில் ஊரெல்லாம் அந்த நம்பருக்குத்தான் அடிக்கும். வேலையில் மாட்டிக்கொண்டவர்கள், டிவி இல்லாதவர்கள், கிராஞ்சியில் கோழிப்பண்ணை வைத்திருந்த ஒரு சீனர், ஆஸ்பத்திரி வாட்ச்மேன். எல்லாருக்கும் ஒரே கேள்வி: ஸ்கோர் என்ன? முதலில் நாநா ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு கோல் விழுந்து அதைப் பார்க்காமல் தவறவிட்டார். அன்றோடு சரி. அதற்குப் பிறகு மணி அடித்தால் கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் கையை மட்டும் நீட்டுவார். ஹலோ கிடையாது, யார் என்று கேட்பது கிடையாது. எல்லாருக்கும் புரியட்டும் என்று மலாயில், "சாத்து கோசோங்!" என்பார். ஒன்று–பூஜ்யம். டக்கென்று வைத்துவிடுவார்.

இதில் நடந்த கூத்துகள் கொஞ்சமா? வெங்காயம் அனுப்புகிற மொத்த வியாபாரி சரக்கு வேண்டுமா என்று கேட்கக் கூப்பிட்டு ஸ்கோர் வாங்கிக்கொண்டு போனார். லாத்தாவின் தம்பி, தனக்குப் பிள்ளை பிறந்த செய்தியைச் சொல்லக் கூப்பிட்டார். அவருக்கும் "கோசோங் கோசோங்!" தான். "என் தம்பி புள்ள பொறந்ததைச் சொல்ல வந்தா, ஒன்னுமில்ல ஒன்னுமில்லன்னு சொல்லி வெச்சிருக்கீங்களே, உங்களுக்கு மூளை இருக்கா?" என்று லாத்தா மாடிப்படியில் நின்று கத்தினதும் தெருவே சிரித்தது. நாநாவும் சிரித்தார். பழக்கத்தை மட்டும் மாற்றவில்லை.

இப்போது அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மா பாடுவாள். மாதா கோவிலில் ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாடகர் குழுவின் முன்வரிசையில் நிற்பாள். வீட்டில் அரிசி களையும்போது பாடுவாள், என் தலையைச் சிக்கெடுக்கும்போது பாடுவாள். சிக்கெடுக்கும்போது பாட்டு நின்றால் வலிக்கப்போகிறது என்று அர்த்தம். அவளுக்கு ஒரே அண்ணன், என் மாமா. செம்பவாங் கப்பல் பட்டறையில் போர்மன். அப்பா அம்மா சீக்கிரம் போய்விட்டதால் தங்கையை அவர்தான் வளர்த்தார். ஐந்து வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பாடகர் குழுவில் நிறுத்தியதும் அவர்தான்.

அந்த மாமா எங்கள் வீட்டுப் படியேறியதில்லை. காரணம் அப்பா. அப்பா ஆஸ்பத்திரியில் அட்டெண்டண்ட். நோயாளிகளைத் தள்ளுவண்டியில் அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோவார், திரும்பக் கொண்டுவருவார். சில சமயம் பிணவறைக்கும் கொண்டுபோவார். அம்மா அவரை விரும்பிக் கட்டிக்கொண்டாள். "கட்டில் தள்ளுறவனுக்கா என் தங்கச்சியைக் கொடுக்கறது?" என்று கேட்டுவிட்டு, மாமா கல்யாணப் பூசைக்கே வரவில்லை. செம்பவாங் என்ன சீமையிலா இருக்கிறது? பஸ் ஏறினால் போய்விடலாம். அண்ணனும் ஏறவில்லை, தங்கையும் ஏறவில்லை. இரண்டு பேருக்கும் அப்படி ஒரு ரோஷம்.

அந்த வருடம் எங்கள் கோவில் பாடகர் குழுவை டிவியில் பாடக் கூப்பிட்டார்கள். ஈஸ்டர் சிறப்பு நிகழ்ச்சி, அரை மணி நேரம். ஆண்டவர் உயிர்த்தெழுந்து ஒரு வாரம் ஆன பிறகுதான் டிவியில் இடம் கிடைத்தது, அது வேறு விஷயம். முதல் பாட்டில் அம்மாவுக்குத் தனியாக நான்கு வரி. பாட்டு மாஸ்டர் அதைச் சொன்ன நாளிலிருந்து வீடு வீடாக இல்லை. அம்மா உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் உட்கார்ந்தாள். பச்சைச் சேலை கட்டுவதா, மாம்பழ மஞ்சள் கட்டுவதா என்று ஒரு வாரம் யோசித்தாள். "டிவியில எல்லாம் சாம்பல் கலர்தான் தெரியும்" என்றார் அப்பா. "கட்டிக்கறவளுக்குத் தெரியும்ல?" என்றாள். கடைசியில் லாத்தாவின் பச்சைப் பட்டை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு ஒளிப்பதிவுக்குப் போனாள். விளக்குச் சூட்டில் பவுடர் உருகிக் கழுத்தில் வழிந்ததாகத் திரும்பி வந்து சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

பாட்டு மாஸ்டர் மாதத்துக்கு ஒருமுறை செம்பவாங் பக்கம் ஜெபமாலைக்குப் போவார். அம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"அண்ணன்கிட்ட சொல்லுங்க மாஸ்டர். சனிக்கிழமை எட்டு மணிக்கு டிவி போடச் சொல்லுங்க. பார்த்துட்டு ஒரு வார்த்தை பேசணும்னு தோணுச்சுன்னா, இது கடை நம்பர். நான் போன் பக்கத்துலயே இருப்பேன்."

மாஸ்டர் போய்விட்டு வந்தார். "சொல்லிட்டேம்மா."

"என்ன சொன்னாரு?"

"ஒன்னும் சொல்லல. நம்பரை வாங்கிச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டாரு."

அதுவே அம்மாவுக்குப் போதுமாக இருந்தது. அண்ணன் கூப்பிடுவார் என்பதை அப்பாவிடம் சொன்னாள், நானும் கேட்டேன். நாநாவிடம் சொல்லவில்லை, லாத்தாவிடமும் சொல்லவில்லை. "சொல்லி வெச்சு, அவரு கூப்பிடாமப் போனா யாரு முகத்துல முழிக்கறது?" என்றாள். இதை இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஒரு வார்த்தை, நாநாவிடம் ஒரே ஒரு வார்த்தை!

அந்தச் சனிக்கிழமை கிண்ணப் போட்டியின் அரையிறுதி. ஆறு மணிக்குத் தொடங்கி எட்டுக்குள் முடிய வேண்டிய ஆட்டம். எட்டு மணிக்கு நம் நிகழ்ச்சி. எட்டரைக்குச் செய்தி. செய்தி மட்டும் எதற்காகவும் நகராது. அம்மா ஐந்தரைக்கே குளித்து, தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவளை யாரும் பார்க்கப்போவதில்லை, அவள்தான் தன்னைப் பார்க்கப்போகிறாள். ஆனாலும் மல்லிகை. போய் டெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்த வெங்காய மூட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா எங்களோடு இல்லை. அவர் முதலுதவிப் படையில் தொண்டர். ஆட்டம் நடக்கும் நாட்களில் வெள்ளைச் சட்டை போட்டு, தோளில் மருந்துப் பையோடு மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். யாராவது விழுந்தால் ஸ்ட்ரெச்சரோடு ஓட வேண்டும். பந்தாட்டத்தை ஓசியில் பார்க்க அது ஒரு வழி என்று தெருவில் கிண்டல் செய்வார்கள். அதுவரை டிவியில் அவர் தெரிந்ததில்லை.

அன்று தெரிந்தார். ஆட்டம் முடியப் பத்து நிமிடம்கூட இல்லை. நாம் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். கடலுக்கு அக்கரையிலிருந்து வந்த எதிரணிக்காரன் ஒருவன் கீழே விழுந்து காலைப் பிடித்துக்கொண்டு உருண்டான். "நடிக்கிறான்! நேரம் கடத்துறான்!" என்று கடை முழுக்கக் கூச்சல். ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் ஓடிவந்தார்கள். "ஏய், அது உங்க அப்பா இல்ல?" என்று யாரோ என் தோளை உலுக்கினார்கள். அப்பாவேதான். சாம்பல் நிறத்தில், கட்டைவிரல் உயரத்தில், அப்பா.

மைதானமே "தூக்கு, தூக்கு" என்று கத்தியது. கடையும் கத்தியது. அப்பா தூக்கவில்லை. மண்டிபோட்டு உட்கார்ந்தார். பையைத் திறந்தார். அந்தப் பையனின் காலை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் மட்டை வைத்து, அவசரமே இல்லாமல் சுற்றிச் சுற்றிக் கட்டினார். நடுவர் வந்து கையை ஆட்டினார். அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கட்டி முடித்து, ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, ஓடாமல் நடந்தே போனார். நாநா தலையில் அடித்துக்கொண்டார். "உங்க வீட்டுக்காரரு இன்னிக்கு ஊரைக் கெடுத்தாரு" என்றார் அம்மாவிடம். அம்மா திரையைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன நேரத்துக்காக நடுவர் ஆட்டத்தை நீட்டினார். அந்த நீட்டிப்பில் நம் ஆள் தலையால் முட்டினான், பந்து உள்ளே போனது. மிளகாய்த் தூசி கிளம்பியது. எல்லாரும் தும்மினார்கள், அழுதார்கள், கட்டிப்பிடித்தார்கள். "உங்க வீட்டுக்காரரு கொடுத்த கோலும்மா இது! அவரு ஆற அமரக் கட்டுப் போட்டதுல அவங்க காலெல்லாம் மரத்துப்போச்சு. கில்லாடி லா உங்க ஆளு!" என்று நாநா அம்மாவைப் பார்த்துக் கத்தினார். ஒன்றுக்கு ஒன்று. அப்படியானால் கூடுதல் நேரம், இன்னும் அரை மணி. எட்டு மணி அடித்தது. நம் நிகழ்ச்சி தாமதமாகும் என்று திரையின் அடியில் எழுத்து ஓடியது.

அம்மா காத்திருந்தாள். இரண்டு மூன்று முறை மணி அடித்தது. ஒவ்வொரு முறையும் அவள் உடம்பு மூட்டையிலிருந்து கொஞ்சம் மேலே எழும். "சாத்து சாத்து!" என்று நாநா சொல்லி வைத்துவிடுவார். அவள் திரும்ப உட்காருவாள். இன்னும் பாட்டே வரவில்லையே, அதற்குள் அண்ணன் எதற்குக் கூப்பிடப்போகிறார் என்று நினைத்திருப்பாள். கூடுதல் நேரத்தில் அவர்கள் இரண்டு கோல் போட்டார்கள். தோற்றுப்போனோம். அவ்வளவு கூத்தும் தோற்பதற்குத்தான். உடனே ஓர் அறிவிப்பாளர் வந்து, இன்றைய தமிழ் நிகழ்ச்சி இடம்பெறாது, வருந்துகிறோம் என்று சொன்னார். பின்னாலேயே செய்தி வந்தது.

அம்மா எழுந்தாள். மல்லிகையைத் தலையிலிருந்து எடுத்தாள், கீழே போடவும் மனமில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நடந்துபோய்விட்டாள். நான் உடனே பின்னால் போகவில்லை, வாடா மிச்சம் இருந்தது. ஆட்டம் முடிந்து, ஆட்கள் கலைந்து, டிவியை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோதும் டெலிபோன் அடித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாநா செம எரிச்சலில் இருந்தார். எடுத்தார். "சாத்து தீகா! காலா!" என்றார். ஒன்று–மூன்று, தோற்றாச்சு. வைத்தார். உடனே மறுபடி அடித்தது. மறுபடியும் அதையே சொல்லி வைத்தார். இன்னொரு முறை அடித்தபோது ரிசீவரை எடுத்துக் கத்திவிட்டு, தொப்பென்று கீழே போட்டார். "தோத்தது போதாதுன்னு திரும்பத் திரும்பக் கேட்டுச் சாவடிக்கிறானுங்க" என்றார்.

அப்பா வந்தபோது தெருவில் அவருக்குத் தோள்தட்டல். தோற்றாலும், அந்த ஒரு கோல் அவர் போட்டது மாதிரிதான். சிரித்த முகத்தோடு மாடி ஏறினார். அம்மா ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் தூக்கிட்டு ஓடல?"

"கால் உடைஞ்சிருந்துச்சு."

"எல்லாரும் நடிப்புங்கறாங்க. நீங்க வேணும்னே பண்ணதுங்கறாங்க."

"எல்லாரும் உக்காந்து பார்த்தாங்க. கால் என் கையில இருந்துச்சு. உடைஞ்ச காலைத் தூக்கிட்டு ஓடச் சொல்றியா?"

அம்மா திரும்பினாள். "எங்க அண்ணன் டிவி முன்னாடி உக்காந்திருந்தாரு. என்னைப் பார்க்கல. உங்களைத்தான் பார்த்தாரு. அந்த ஸ்ட்ரெச்சரைத்தான் பார்த்தாரு."

அப்பா வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அதன் பிறகு அவர் மைதானத்துக்குப் போகவே இல்லை. முழங்கால் வலி என்று வெளியில் சொன்னார். அந்தப் பையனின் கால் உண்மையாகவே முறிந்திருந்ததாகப் பேப்பரில் வந்தது. அப்பா அந்தப் பேப்பரை அம்மாவின் கண்ணில் படும்படி மேசையில் விரித்து வைத்தார். அம்மா அதன் மேல் கறிவேப்பிலை உருவினாள்.

நிகழ்ச்சியை வேறொரு நாள் போடுவார்கள் என்று அம்மா பல வாரம் நம்பினாள். பாட்டு மாஸ்டர் கேட்டுப் பார்த்தார். பார்க்கலாம் என்றார்களாம். பார்க்கலாம் என்றால் என்னவென்று நமக்குத் தெரியாதா? அந்த டேப் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா பாடகர் குழுவிலிருந்து நின்றுகொண்டாள், குரல் போய்விட்டது என்றாள். அரிசி களையும்போதும் பாடவில்லை. நான் தலையைச் சிக்கெடுத்துக்கொள்ளத் தனியாகப் பழகினேன். மாமா கூப்பிடவில்லை, இவளும் கூப்பிடவில்லை. பிறகு சாவு வீடுகளில் பார்த்துக்கொண்டார்கள், எதிரெதிர் வரிசையில். அப்பா இறந்தபோது மாமா வந்து கடைசியில் நின்றுவிட்டுப் போனார். ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். அம்மா பாட்டையும் இழந்தாள், அண்ணனையும் இழந்தாள், இரண்டுக்கும் அப்பாவே காரணம் என்று நினைத்துக்கொண்டே அவரோடு குடித்தனம் நடத்தினாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் மாமா போய்விட்டார். செம்பவாங்கில் அவர் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழே, திறந்த தளத்தில் சவப்பெட்டியை வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. வர மாட்டாள் என்று நினைத்தேன், எனக்கு முன்னால் சேலை கட்டிக்கொண்டு நின்றாள். சாயங்கால ஜெபத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். எதிர் புளோக்கின் காப்பிக் கடையில் பெரிய டிவி. ஏதோ ஒரு தேசத்துப் பந்தாட்டம் அப்போதுதான் தொடங்கியிருந்தது.

மாமாவின் மனைவி, என் அத்தை, அம்மாவைப் பார்த்ததும் அழவில்லை. கோபமாகக் கேட்டாள்.

"இப்ப வந்து என்ன? அன்னிக்கு ஏன் பேசாம வெச்சீங்க?"

"என்னிக்கு? யாரு வெச்சா?" என்றாள் அம்மா.

"உங்க பாட்டு டிவியில வரலையே, அன்னிக்கு. இவரு புதுச் சட்டை போட்டுக்கிட்டு டிவி முன்னாடி உக்காந்திருந்தாரு. பந்தாட்டத்துல உங்க வீட்டுக்காரர் வந்தாரு. இவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'ஊரே கத்துது, இவன் ஓடல பாரு. அந்தக் காலைக் கண்ணாடி மாதிரி தூக்குறான். என் தங்கச்சி நல்லவனாத்தான்டி பார்த்திருக்கா'ன்னாரு. அப்புறம் பாட்டு வரலைன்னதும் தாங்க முடியல. 'புள்ள ஏமாந்து போயிருப்பா, நான் ஒரு வார்த்தை பேசறேன்'னு கீழ இறங்கி ஓடிப்போய்ப் போன் பண்ணாரு. ஒரு தடவையா? எடுத்த ஆள் 'சாத்து தீகா, காலா'ன்னு கத்திட்டுக் கத்திட்டு வெச்சுட்டான். ஆட்டத்தைப் பார்த்தவருக்கு ஸ்கோர் தெரியாதா? 'போன் பக்கத்துலயே இருப்பேன்னு சொல்லி அனுப்பினா. என்னைக் கிண்டல் பண்ணத்தான் ஆளை உக்கார வெச்சிருக்கா'ன்னு வந்து படுத்துக்கிட்டாரு. சாகற வரைக்கும் அவருக்கு அதுதான்."

"அது நாநா" என்றேன் நான். ஸ்கோர் கேட்டு வருகிற போன்களைப் பற்றி, வெங்காய வியாபாரியைப் பற்றி, பிள்ளை பிறந்த சேதியைப் பற்றி, அத்தையிடம் சொன்னேன். நாநாவைத் திட்டவும் மனம் வரவில்லை, அவரும் லாத்தாவும் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்மா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். "கூப்பிட்டாரா?" என்றாள். கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு, "எங்க அண்ணன் கூப்பிட்டாரா?" என்றாள். திரும்பவும் அதையே கேட்டாள். அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கூப்பிட்டாரு, கூப்பிட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அம்மா என்னைப் பார்த்து, "உங்க அப்பா அன்னிக்கு நடந்தே போனாருல்ல?" என்றாள். ஆமாம் என்றேன். அப்போதுதான் அழுதாள்.

ஜெபம் ஆரம்பித்தது. ஜெபம் நடத்திய உபதேசியார் ஒரு பாட்டுப் பாடச் சொன்னார். யாரும் தொடங்குவதற்கு முன் அம்மா கைத்தடியை ஊன்றி எழுந்து, பெட்டியின் பக்கத்தில் போய் நின்றாள். அந்த நேரம் காப்பிக் கடையிலிருந்து ஒரு பெரும் கூச்சல். உபதேசியார் முகம் சுளித்து, "யாராவது போய் அந்தச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்க" என்றார். ஒரு பையன் கிளம்பினான்.

"வேணாம், இருக்கட்டும்" என்றாள் அம்மா. "எங்க அண்ணனுக்குப் பந்து பிடிக்கும்."

பாடத் தொடங்கினாள். உயிர்த்தெழுதல் பாட்டு, அன்று அவள் டிவிக்காகப் பாடிய அதே பாட்டு. குரல் ஓரமெல்லாம் கிழிந்திருந்தது. மேலே போக வேண்டிய இடத்தில் மூச்சு போதவில்லை. ஆனால் ராகம் நகரவில்லை. எனக்குக் கால் பரபரத்தது, எழுந்து எங்கேயாவது போய் எதையாவது பார்த்துவிட்டு வர வேண்டும் போல இருந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று வரி பாடிவிட்டாள். எதிரே கோல் விழுந்தது போலும். புளோக் அதிரக் கத்தினார்கள், மேசையைத் தட்டினார்கள்.

அம்மா நிறுத்தினாள். பெட்டியின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு, அண்ணன் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள். கூச்சல் அடங்கியது. நான்காவது வரியைப் பாடினாள்.